உறைமண்மேல் ஓர் ஓடுபாதை: லாங்இயர்பியன் விமான நிலையத்தின் வரலாறு

ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் தலைமை ஊரான லாங்இயர்பியனுக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் தட்டை உச்சி கொண்ட ஒரு மலைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கரையில், 2,483 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை ஒன்று அமைந்திருக்கிறது. வட அட்சரேகை 78 பாகையைத் தாண்டிய இடம் அது. அங்கிருந்து வட துருவம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். நார்வே பெருநிலத்தின் வடக்கு நகரமான ட்ரோம்சோ 950 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கால அட்டவணைப்படி பொதுமக்களுக்கான பயணிகள் விமானம் வந்துபோகும் நிலையங்களில் உலகிலேயே வடக்கே இருப்பது இதுதான். சுமார் 2,500 பேர் வாழும் ஓர் ஊருக்கு ஜெட் விமானம் இறங்கும் நிலையம் அமைந்தது தானாக நடந்த காரியமல்ல. அதற்குத் தடையாக நின்றவை இரண்டு: உறைந்த மண், ஓர் உலக ஒப்பந்தம். இவற்றில் மண்ணைவிட ஒப்பந்தமே நெடுங்காலம் பிடிவாதமாக நின்றது.

நிலையம் இருக்கும் முனைக்கு ஹோட்டல்நெசெட் என்று பெயர். 1896-ல் நார்வே கப்பல் நிறுவனம் ஒன்று கோடைப் பயணிகளுக்காக அங்கே மரத்தால் ஒரு சிறு விடுதி கட்டியது. ஓரிரு கோடைகளிலேயே விடுதியின் காலம் முடிந்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தீவுக்கு ஆட்களை நிலையாக வரவழைத்தது நிலக்கரி. அமெரிக்கத் தொழிலதிபர் ஜான் லாங்இயர் 1906-ல் இங்கே சுரங்கம் தொடங்கினார். ஊருக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 1916-ல் சுரங்கத்தையும் ஊரையும் நார்வேயின் ஸ்டோர நோர்ஸ்கெ என்ற நிலக்கரி நிறுவனம் வாங்கியது. வீடு, கடை, சாப்பாட்டுக்கூடம், மருத்துவமனை எல்லாம் நிறுவனத்துடையவை. சம்பளத்தைக்கூட நிறுவனமே அச்சிட்ட தாளில் கொடுக்கும் வழக்கம் 1980 வரை நீடித்தது.

அந்தக் காலத்து ஊர்வாழ்வை வகுத்தது கப்பல்தான். இலையுதிர்காலத்தின் கடைசியில் ஒரு கப்பல் கிளம்பும். அதன்பின் கடல் உறைந்துவிடும். அடுத்த கப்பல் மே மாதவாக்கில் வரும். இடையில் ஆறு, ஏழு மாதம் ஊருக்குள் ஆள் வர வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. 1911-லேயே கிரீன் ஹார்பர் என்ற இடத்தில் தந்தி நிலையம் வந்துவிட்டதால் செய்தி மட்டும் பெருநிலத்தை எட்டியது. தாய் இறந்த செய்தி தந்தியில் வந்து சேரும். மகனால் போக முடியாது. சுரங்கத்தில் அடிபட்டவருக்கு ஊர் மருத்துவரால் முடிந்ததுதான் சிகிச்சை. மாதக்கணக்கில் வேண்டிய மாவு, உப்பிட்ட மீன், எண்ணெய் எல்லாவற்றையும் கடைசிக் கப்பல் கிளம்புவதற்குள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பாலுக்கும் இறைச்சிக்குமாக அந்த அட்சரேகையிலேயே தொழுவம் கட்டிக் கால்நடை வளர்த்தார்கள். அந்தத் தொழுவக் கட்டடம் பிற்காலத்தில் ஊர் அருங்காட்சியகமாகப் பயன்பட்டது.

இவ்வளவுக்கும் ஸ்வால்பார்ட் வானப் பயணத்துக்குப் புதிய இடமல்ல. துருவத்தை வான்வழியே எட்ட முனைந்தவர்கள் பலரும் இந்தத் தீவுகளையே படிக்கல்லாகக் கொண்டார்கள். 1897 ஜூலையில் ஸ்வீடனின் சாலமன் ஆந்த்ரே தன் தோழர் இருவருடன் இங்கிருந்துதான் பலூனில் கிளம்பினார். மூவரும் உயிரோடு திரும்பவில்லை. 1925-ல் ரோவால் அமுண்ட்சனும் லிங்கன் எல்ஸ்வொர்த்தும் இரண்டு டோர்னியர் மிதவை விமானங்களில் வடக்கே பறந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அவர்களும் இத்தாலியின் உம்பெர்த்தோ நோபிலேயும் ‘நோர்கே’ வான்கப்பலில் ஸ்வால்பார்டின் நி-ஓலசுண்ட் என்ற சுரங்க ஊரிலிருந்து கிளம்பித் துருவத்தைக் கடந்து அலாஸ்கா சேர்ந்தார்கள். 1928-ல் ஹியூபர்ட் வில்கின்ஸ் அலாஸ்காவின் பாரோ முனையிலிருந்து பறந்துவந்து ஸ்வால்பார்டின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் இறங்கினார். அதே ஆண்டு நோபிலேயின் ‘இத்தாலியா’ பனிமேல் விழுந்து நொறுங்க, அவரைத் தேடி ட்ரோம்சோவிலிருந்து புறப்பட்ட அமுண்ட்சன் விமானத்தோடு மறைந்துபோனார். உலகச் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தை நிறைத்த இந்தப் பறத்தல்களில் ஒன்றுகூட லாங்இயர்பியன் சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் குளிர்காலத்தில் வீட்டுக்கு அழைத்துப் போனதில்லை. சாகசப் பறத்தலுக்குக் கோடையில் ஒரே ஒரு நல்ல நாள் போதும். ஊருக்கு வேண்டியிருந்தது ஆண்டு முழுதும் நம்பத்தக்க ஒரு வழி.

ஊரருகே முதல் விமானத் தளம் இரண்டாம் உலகப் போரினால் வந்தது. 1941 ஆகஸ்டு, செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் தீவுமக்கள் அனைவரையும் கப்பலேற்றி அப்புறப்படுத்தி, நிலக்கரிக் குவியலுக்கும் தீ வைத்துவிட்டுப் போயின. ஆளில்லாத தீவுக்கு ஜெர்மானியர் வந்தார்கள். ஐரோப்பாவின் வானிலை வடக்கே உருவாகிக் கீழிறங்குகிறது. அட்லாண்டிக் போருக்கும் ரஷ்யத் துறைமுகங்களுக்குச் செல்லும் கப்பல் அணிகளைத் தாக்குவதற்கும் துருவ வானிலைக் குறிப்புகள் இன்றியமையாதவை. ஆகவே லாங்இயர்பியனை ஒட்டிய அட்வென்ட் பள்ளத்தாக்கின் தட்டை நிலத்தில் ஜெர்மன் விமானப்படை ஒரு வானிலை நிலையமும் இறங்குதளமும் அமைத்து 1942 கோடைவரை பயன்படுத்தியது. அங்கே விழுந்த ஜங்கர்ஸ் விமானம் ஒன்றின் எலும்புக்கூடு பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கிறது. பிறகு நார்வேப் படையினர் தீவை மீட்டுக்கொள்ள, 1943 செப்டம்பரில் டிர்பிட்ஸ், ஷார்ன்ஹார்ஸ்ட் ஆகிய ஜெர்மன் போர்க்கப்பல்கள் வந்து குண்டு பொழிந்து ஊரின் பெரும்பகுதியை எரித்தன. போர் முடிந்து மக்கள் திரும்பியபோது ஊரை ஏறத்தாழப் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது.

ஊரைக் கட்டும்போதே விமான நிலையத்தையும் கட்டியிருக்கலாம். அதற்கான பேச்சு போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே எழுந்தது. தடுத்தது அரசியல். 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் இந்தத் தீவுகளின் ஆட்சியுரிமையை நார்வேக்குக் கொடுத்தது. 1925 ஆகஸ்டு 14 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் பேரரசின் வழியாக இந்தியாவும் அதில் தொடக்கத்திலேயே ஒரு தரப்பு. ஆட்சியுரிமை கட்டற்றதாக இல்லை. ஒப்பந்த நாடுகளின் குடிமக்கள் அனைவரும் மீன்பிடி, வேட்டை, சுரங்கம் முதலிய தொழில்களைச் சமமாகச் செய்யலாம். ஒன்பதாம் பிரிவின்படி அங்கே கடற்படைத் தளமோ கோட்டையோ அமைக்கக்கூடாது. போர் நோக்கத்துக்குத் தீவுகளைப் பயன்படுத்தவும் கூடாது. ஒப்பந்தம் எழுதப்பட்ட நாளில் விமானப் போக்குவரத்து குழந்தைப் பருவத்தில் இருந்தது. விமானத் தளத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த இடைவெளியில் சோவியத் ஒன்றியத்தின் ஐயம் நுழைந்தது. ஒப்பந்தம் தந்த சமஉரிமையைக் கொண்டு சோவியத் நிறுவனமான ஆர்க்டிகுகோல், பாரன்ட்ஸ்பர்க், பிரமிடென் ஆகிய ஊர்களில் நிலக்கரி எடுத்தது. அங்கே வாழ்ந்த சோவியத் மக்களின் தொகை பல பத்தாண்டுகள் நார்வே மக்களின் தொகையைவிட அதிகமாகவே இருந்தது. மூர்மான்ஸ்கிலிருந்து அட்லாண்டிக்குக்குப் போகும் சோவியத் கப்பற்படையின் வழி இந்தத் தீவுகளுக்குத் தெற்கே செல்கிறது. 1944 நவம்பரிலேயே சோவியத் அயலுறவு அமைச்சர் மோலோட்டவ், நார்வே அமைச்சர் திரிக்வெ லீயை நள்ளிரவில் அழைத்து, ஒப்பந்தத்தைக் கைவிட்டுத் தீவுகளை இருவரும் சேர்ந்து ஆள வேண்டும் என்றும், தெற்கே இருக்கும் கரடித் தீவு தமக்கே வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை. 1949-ல் நார்வே நேட்டோவில் சேர்ந்ததும் மாஸ்கோவின் கவலை இரட்டித்தது. நீண்ட ஓடுபாதை ஒன்று வந்துவிட்டால் அதில் இறங்கப்போவது பயணிகள் விமானம் மட்டுந்தானா என்பதே அவர்கள் கேள்வி. 1950-களின் கடைசியில் நி-ஓலசுண்டுக்கு அருகே தனியார் விமான நிலையம் அமைக்கும் திட்டம் ஒன்று எழுந்தபோது சோவியத் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. நார்வே அரசும் அத்திட்டத்தை வளர விடவில்லை. பெரிய அண்டை நாட்டைச் சீண்டாமல் தன் உரிமையையும் விட்டுக்கொடுக்காமல் நடக்க வேண்டிய நிலையில் நார்வே இருந்தது. அந்த எச்சரிக்கை நியாயமானது என்றாலும், அதன் விலையைக் குளிர்காலந்தோறும் கொடுத்தவர்கள் சுரங்க ஊர் மக்கள்தான்.

ஓடுபாதை இல்லாத அந்த ஆண்டுகளில் விமானம் அஞ்சலோடு நின்றுகொண்டது. நார்வே விமானப்படையின் கேட்டலினா விமானங்கள் 1950-களில் ட்ரோம்சோவிலிருந்து கிளம்பிக் கரடித் தீவு வழியாக வந்து, லாங்இயர்பியன் மேலே தாழப் பறந்து அஞ்சல் மூட்டைகளைப் போட்டுவிட்டுத் திரும்பின. கடிதம் வரும், பதில் கடிதம் மே மாதக் கப்பலுக்காகக் காத்திருக்கும்.

1959 பிப்ரவரியில் நோயாளி ஒருவரை உடனே பெருநிலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நெருக்கடி வந்தபோது, சுரங்க நிறுவனம் அட்வென்ட் பள்ளத்தாக்கின் உறைந்த தரையைச் செப்பனிட்டது. கேட்டலினா அங்கே இறங்கியது. இறங்க முடியும் என்று கண்டபின் நிறுவனம் அங்கேயே நிற்கவில்லை. ப்ராத்தன்ஸ் என்ற நார்வே விமான நிறுவனத்தோடு பேசி, அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று நான்கு எஞ்சின் கொண்ட டிசி-4 பயணிகள் விமானத்தை அந்தத் தரையிலேயே இறக்கிக் காட்டியது. ஸ்வால்பார்டில் பயணிகள் விமானச் சேவை தொடங்கியது இந்த நாளில் என்று சொல்லலாம். ஒப்பந்தம் பற்றிய வாதம் தலைநகரங்களில் ஓய்வதற்குள் தொழிலாளிகளும் விமானிகளும் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். நிலையத்தின் வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க பகுதி இதுவே.

அந்தத் தளத்தில் கட்டடமோ தார்ப்பரப்போ கிடையாது. ஆற்றுப் படுகையை ஒட்டிய ஈரமண் குளிரில் கல்லாக இறுகும்போதுதான் விமானத்தின் எடையைத் தாங்கும். பனி உருகத் தொடங்கியதும் சேறாகிவிடும். எந்தக் காலத்தில் ஊருக்குக் கப்பல் இல்லையோ அந்தக் காலத்தில் மட்டும் விமானம் இறங்கலாம் என்பது ஒரு நல்வாய்ப்பு. துருவ இரவில் இறங்குவதற்கு இரு மருங்கும் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றி வைத்தார்கள். பின்னர் மின்விளக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்களே வந்தன. அறுபதுகளின் பிற்பாதியில் டிசி-6 வந்தது, தொகையும் கூடியது. 1972-ல் ஃபோக்கர் எஃப்-28 என்ற ஜெட் விமானமே அந்த உறைநிலத்தில் இறங்கியது. ஆனாலும் இது அட்டவணைச் சேவை ஆகாது. வானிலை ஒத்துழைக்க வேண்டும், தரை இறுகியிருக்க வேண்டும், நிறுவனம் விமானத்தை வாடகைக்கு அமர்த்தியிருக்க வேண்டும்.

இதற்கிடையே 1962 நவம்பர் 5 அன்று நி-ஓலசுண்ட் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 21 தொழிலாளர்கள் மடிந்தார்கள். அது அரசு நிறுவனத்தின் சுரங்கம். பாதுகாப்பில் நேர்ந்த குறைகளுக்குப் பொறுப்பேற்கும் பிரச்சினையில் 1963-ல் ஐனார் கெர்ஹார்ட்சன் அரசே நாடாளுமன்றத்தில் தோற்றுப் பதவி இழந்தது. ஸ்வால்பார்ட் தொலைவில் இருப்பதால் மறந்துவிடக்கூடிய இடம் என்ற எண்ணம் நார்வே அரசியலில் அதன்பின் எடுபடவில்லை. தீவில் அரசின் இருப்பைப் பலப்படுத்த வேண்டும், அங்கு வாழ்பவர்களுக்குப் பெருநிலத்து வசதிகள் கிடைக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது.

1971-ல் சோவியத் தரப்புடன் உடன்பாடு ஏற்பட்டது. கட்டப்படுவது குடிமக்கள் விமான நிலையம், அதை நடத்துவது நார்வேயின் குடிமக்கள் விமானத் துறை, சோவியத் விமானங்களும் அங்கே வரலாம் என்பதே அதன் சாரம். ஏரோஃப்ளோட் நிறுவனத்தின் ஊழியர் சிலர் நிலையத்தில் தங்கிப் பணியாற்றவும் இடம் கிடைத்தது. எதிர்த்தவரையே பயனாளியாக்கியதுதான் இந்த உடன்பாட்டின் திறமை. பாரன்ட்ஸ்பர்க்குக்கும் பிரமிடெனுக்கும் ஆள் மாற்ற மாஸ்கோவுக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. கப்பலை மட்டும் நம்பிய துன்பம் இரண்டு தரப்புச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் ஒன்றுதான்.

1973-ல் ஹோட்டல்நெசெட்டில் வேலை தொடங்கியது. அட்வென்ட் பள்ளத்தாக்கை விட்டு இந்த முனையைத் தேர்ந்ததற்குத் தரையின் அமைப்பும் திறந்த கடற்பக்கமும் காரணம். இங்கேயும் அடியில் இருப்பது நிரந்தர உறைமண்ணே. கோடையில் மேலே உள்ள ஓரடுக்கு மட்டும் உருகும், குளிரில் மறுபடி உறையும். அதற்குக் கீழே வெகு ஆழத்துக்கு மண் எப்போதும் உறைந்தே இருக்கும். உறைந்திருக்கும்வரை அதைவிட உறுதியான அடித்தளம் இல்லை. உருகினால் அதில் உள்ள பனிக்கட்டி நீராகி வெளியேற, மேலே உள்ளதெல்லாம் அமிழும். நீர் மறுபடி உறையும்போது பருத்துத் தரையை மேலே தள்ளும். கறுப்புத் தார்ப்பரப்பு இரவே இல்லாத நாலு மாதக் கோடை வெயிலை வாங்கிக் கீழே கடத்துவது நிலைமையை மேலும் கெடுக்கும். ஆகவே ஓடுபாதையை நேரே மண்மேல் போடாமல், கற்களையும் சரளையையும் கனமாகப் பரப்பி, வெப்பம் கீழே இறங்காமல் தடுத்து, அதன்மேல் தார் போட்டார்கள். சூடேற்றப்படும் கட்டடங்களின் நிலை இன்னும் கடினம். உள்ளேயிருக்கும் சூடு தரைவழியே இறங்கினால் கட்டடம் தன் அடித்தளத்தைத் தானே உருக்கிவிடும். லாங்இயர்பியன் வீடுகள் பலவும் மரத்தூண்கள்மேல் நின்று அடியில் காற்று ஓடவிடுவதற்குக் காரணம் இதுதான். விமானங்களை நிறுத்தும் கொட்டகையைத் தூண்மேல் தூக்கி நிறுத்த முடியாது. அதற்கு வேறு குளிரூட்டும் வழிகள் வேண்டியிருந்தன.

1975 செப்டம்பர் 2 அன்று அரசர் ஐந்தாம் ஊலாவ் நிலையத்தைத் திறந்துவைத்தார். நார்வேயின் ஆட்சியுரிமை நடைமுறைக்கு வந்து அரை நூற்றாண்டு நிறைந்த ஆண்டு அது. எஸ்ஏஎஸ் நிறுவனம் ட்ரோம்சோவிலிருந்து அட்டவணைச் சேவை நடத்தியது. 1987-ல் ப்ராத்தன்ஸும் அட்டவணைச் சேவையில் இறங்கியது. ஏரோஃப்ளோட் மாஸ்கோவிலிருந்து வந்தது. அதில் வந்தவர்கள் லாங்இயர்பியன் ஊருக்குள் போவதில்லை. நிலையத்திலிருந்தே ஹெலிகாப்டர் ஏறித் தங்கள் ஊர்களுக்குப் போய்விடுவார்கள். பாரன்ட்ஸ்பர்க் அருகே ஹேர்ஓடன் முனையில் சோவியத் தரப்பு கட்டிய ஹெலிகாப்டர் தளம், ஒரு சுரங்க ஊரின் தேவையைவிடப் பெரியதாக இருக்கிறது என்று நார்வேயில் முணுமுணுக்கப்பட்டது. ஐயம் இப்போது திசை மாறியிருந்தது.

நிலையம் வந்தபின் லாங்இயர்பியன் வேறு ஊராயிற்று. அதுவரை அது ஆண்கள் தனியே வந்து சில பருவங்கள் உழைத்துச் சம்பாதித்துப் போகும் முகாம். குடும்பத்தோடு இருந்தவர்கள் பெரும்பாலும் பொறியாளர்களும் அதிகாரிகளும். குளிர்காலத்தின் நடுவிலும் சில மணி நேரத்தில் ட்ரோம்சோ போய்விடலாம் என்றானதும் தொழிலாளிகளும் மனைவி மக்களை அழைத்துவந்தார்கள். பள்ளிக்கூடம் பெருத்தது. வீடுகள் கூடின. 1976-ல் அரசு சுரங்க நிறுவனத்தின் பங்குகளை ஏறத்தாழ முழுதும் வாங்கிக்கொண்டது. நிறுவனம் செய்துவந்த கடை, மருத்துவம், சாலை முதலியவை ஒவ்வொன்றாகத் தனித்தனி அமைப்புகளிடம் போயின. 2002-ல் ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றம் அமைந்தது. பசுங்காய்கறியும் அன்றாடச் செய்தித்தாளும் விமானத்தில் வந்தன. கனமான சரக்குக்கு மட்டும் கப்பல் தொடர்ந்தது. தீவு மருத்துவமனை சிறியது என்பதால் கருவுற்ற பெண்கள் பேறுகாலத்துக்குச் சில வாரம் முன்பே பெருநிலத்துக்குப் பறந்துவிடுவது வழக்கம். நோய் முற்றியவர்களை ட்ரோம்சோ மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் விமானம் கொண்டுபோகிறது. 1959-ல் ஒரே ஒருவருக்காக உறைநிலத்தைச் செப்பனிட்ட வேலை, அன்றாடக் கடமையாக மாறிவிட்டது.

1996 ஆகஸ்டு 29 அன்று இந்த நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த டுப்போலெவ்-154எம் விமானம் ஒன்று இறங்கவேயில்லை. வ்னுக்கோவோ ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான அந்த விமானத்தை ஆர்க்டிகுகோல் வாடகைக்கு அமர்த்தியிருந்தது. மாஸ்கோவில் ஏறியவர்கள் பாரன்ட்ஸ்பர்க்குக்கும் பிரமிடெனுக்கும் வேலைக்குப் போகும் உக்ரைனிய, ரஷ்யத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தினரும். மேகம் தாழ்ந்து மழை தூறிய காலைப்பொழுது. விமானிகள் மேற்கே கடற்பக்கத்திலிருந்து இறங்கத் திட்டமிட்டிருந்தார்கள். நிலையம் தெரிவித்த ஓடுபாதையோ கிழக்கே பள்ளத்தாக்குப் பக்கத்திலிருந்து இறங்குவது. தங்களுக்கு மறுபக்கம் வேண்டும் என்று அவர்கள் கேட்டது ஆங்கிலத்தில் சரிவரப் புரிந்துகொள்ளப்படவில்லை. லாங்இயர்பியனில் இருப்பது விமானங்களுக்குக் கட்டளையிடும் கட்டுப்பாட்டு நிலையமல்ல. தகவல் தரும் சேவை மட்டுமே. முடிவு விமானியுடையது. மலைகளின் நெருக்கத்தால் அந்தப் பக்கத்து வழிகாட்டு அலை ஓடுபாதையின் நேர்கோட்டுக்குச் சற்றுச் சாய்வாக அமைந்திருந்தது. அவசரத்தில் அதற்கேற்பக் கருவிகளைத் திருத்திக்கொள்வதில் குழப்பம் நேர்ந்து, விமானம் உரிய பாதையை விட்டு விலகியபடியே கீழிறங்கியது. நிலையத்திலிருந்து 14 கிலோமீட்டரில் ஓபராஃபியெல்லெட் மலையின் உச்சிப்பகுதியில், சுமார் 907 மீட்டர் உயரத்தில் மோதியது. பயணிகள் 130 பேரும் விமானப் பணியாளர் 11 பேரும் இறந்தார்கள். நார்வே மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இதுவே மிகப் பெரியது.

சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் தீவுகளில் 141 சாவு என்பது எந்த வீட்டையும் விட்டுவைக்காத துக்கம். இறந்தவர்களின் நினைவாகப் பாரன்ட்ஸ்பர்க்கில் மரத்தால் ஒரு சிறு வழிபாட்டுக்கூடம் கட்டினார்கள். சோவியத் ஒன்றியம் கலைந்தபின் வருவாய் குன்றியிருந்த ஆர்க்டிகுகோல் இந்த அடியிலிருந்து மீளத் தடுமாறியது. 1998-ல் பிரமிடென் மூடப்பட்டது. மக்கள் முழுவதும் வெளியேற, ஊர் அப்படியே விடப்பட்டது. அந்த முடிவுக்குச் சுரங்கத்தின் நஷ்டமே முதல் காரணம் என்றாலும் விபத்தின் நிழல் அதில் இருந்ததை மறுக்க முடியாது.

லாங்இயர்பியனிலும் அதே பத்தாண்டில் நிலக்கரியின் இடத்தை வேறு தொழில்கள் பிடிக்கத் தொடங்கின. 1993-ல் பல்கலைக்கழக மையம் திறக்கப்பட்டது. நிலையத்துக்கு மேலே உள்ள பிளாத்தோபெர்கெட் மலையில் செயற்கைக்கோள் தரைநிலையம் வந்தது. அதற்காகப் பெருநிலத்திலிருந்து கடலடி இழைக்கம்பி 2004-ல் இணைக்கப்பட்டது. அதே மலைச்சரிவில் 2008 பிப்ரவரி 26 அன்று உலக விதைப் பெட்டகம் திறக்கப்பட்டது. வெளிநாட்டு விதைகள் வந்து சேர ஒரு வழக்கமான விமானச் சேவை அருகிலேயே இருப்பது, அந்த இடத்தைத் தேர்ந்ததற்கான காரணங்களில் ஒன்று. நி-ஓலசுண்ட் ஆராய்ச்சி ஊருக்கு இங்கிருந்து சிறிய டோர்னியர் விமானம் பறக்கிறது. அங்கே 2008-ல் இந்தியா திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையத்துக்குப் போகும் அறிவியலாளர்களுக்கும் லாங்இயர்பியன்தான் வாசல். சுற்றுலாப் பயணிகள் பெருக, பழைய கட்டடம் போதாமல் போய் 2007 டிசம்பரில் புதிய பயணிகள் முனையம் திறக்கப்பட்டது. 2003 முதல் நிலையத்தை நடத்துவது அரசு நிறுவனமான அவினோர். 2013-ல் நார்வீஜியன் நிறுவனமும் ஆஸ்லோவிலிருந்து சேவை தொடங்க, கட்டணம் இறங்கியது. 2010-களின் பிற்பகுதியில் ஆண்டுப் பயணிகள் தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

உள்நாட்டு விமானத்தில் வந்தாலும் இங்கே எல்லைச் சோதனை உண்டு. ஸ்வால்பார்ட் நார்வேயின் பகுதியே ஆனாலும் ஷெங்கன் எல்லைக்குள் சேராது. ஒப்பந்தத்தின் சமஉரிமை காரணமாகத் தீவுக்குள் வரவும் தங்கி வேலை செய்யவும் விசா தேவையில்லை. ஆயினும் ஷெங்கனுக்கு விசா தேவைப்படும் நாட்டினர் நார்வே வழியாக வந்தால், பெருநிலத்தைக் கடக்க அந்த விசா வேண்டியிருக்கிறது. விதியில் திறந்திருக்கும் கதவை நடைமுறையில் விமான வழியே அளவாகத் திறக்கிறது. இந்த விசித்திரத்தை அரசியலும் தொட்டது. வட துருவத்துக்கு அருகே மிதக்கும் பனிமேல் ரஷ்யர்கள் ஆண்டுதோறும் வசந்தத்தில் அமைத்துவந்த பர்னெயோ முகாமுக்கு ஆட்களும் பொருளும் போனது இந்த நிலையத்திலிருந்துதான். 2015 ஏப்ரலில் நார்வேயின் தடைப்பட்டியலில் இருந்த ரஷ்யத் துணைப் பிரதமர் டிமித்ரி ரகோசின் முன்னறிவிப்பின்றி இங்கே வந்திறங்கி அந்த முகாமுக்குப் போனார். அடுத்த ஆண்டு செச்சென்யாவின் படைப் பயிற்சியாளர்கள் இதே வழியில் போனது தெரியவந்தது. இரண்டு முறையும் ஆஸ்லோ விளக்கம் கேட்டது. நிலையத்தைப் பயன்படுத்தும் விதிகளை இறுக்கியது. ஐம்பதுகளில் மாஸ்கோ எழுப்பிய கேள்வியை இப்போது நார்வே கேட்க வேண்டியிருந்தது.

நிலையத்தின் வானிலைக் கூடம் அறிவியல் உலகில் தனி மதிப்புப் பெற்றது. ஊரின் பழைய அளவீடுகளையும் வேட்டைக்காரர்கள், ஆய்வுப் பயணிகள் குறித்துவைத்தவற்றையும் இணைத்து ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘ஸ்வால்பார்ட் விமான நிலைய’ வெப்பநிலைத் தொடர் 1898 வரை பின்னோக்கிச் செல்கிறது. ஆர்க்டிக்கின் உயர் அட்சரேகைகளில் இவ்வளவு நீண்ட பதிவுகள் அரிது. 1986 மார்ச்சில் இங்கே −46.3 பாகை செல்சியஸ் பதிவானது. 2020 ஜூலை 25 அன்று 21.7 பாகை. தனி நாட்களைவிடச் சராசரிகளே கவலை தருபவை: நிலையம் கட்டப்பட்ட எழுபதுகளிலிருந்து தீவின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ நான்கு பாகை கூடிவிட்டது. கட்டியவர்களின் கணக்கு அன்றைய குளிரை வைத்துப் போடப்பட்டது. ஓடுபாதையின் சில பகுதிகள் தொடக்கத்திலிருந்தே அமிழ்வதும் எழும்புவதுமாகத் தொல்லை கொடுத்தன. பலமுறை தார் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது உறைமண்ணின் வெப்பநிலையே ஏறிவருவதால், உருகும் அடுக்கு ஆழமாகி அந்தப் பழுது அடிக்கடி நேர்கிறது. 2016 இலையுதிர்காலத்தில் அருகிலுள்ள விதைப் பெட்டகத்தின் நுழைவுச் சுரங்கத்துக்குள் உருகிய நீர் புகுந்தது. விதைகளுக்குச் சேதமில்லை என்றாலும் நுழைவாயிலை மறுபடி கட்ட நேர்ந்தது. பெட்டகத்துக்கு நேர்ந்தது ஓடுபாதைக்கும் பொருந்தும் என்பதால் தரையடி வெப்பத்தைத் தொடர்ந்து அளப்பது அங்கே பராமரிப்பின் ஒரு பகுதி.

இந்த நிலையத்தை வேண்டிப் போராடிய நிலக்கரித் தொழில் நார்வே ஊரில் முடிவுக்கு வந்துவிட்டது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே இயங்கிய மூன்றாம் எண் சுரங்கம் 1996-ல் மூடப்பட்டு இன்று பார்வையாளர்களுக்காகத் திறந்திருக்கிறது. ஊரின் நிலக்கரி மின்நிலையம் 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டு டீசலுக்கு மாறியது. கடைசியாக எஞ்சிய ஏழாம் எண் சுரங்கம் 2025 கோடையில் மூடப்பட்டது. பாரன்ட்ஸ்பர்க்கில் மட்டும் ரஷ்யத் தரப்பு இன்னும் கரி எடுக்கிறது. ட்ரோம்சோ, ஆஸ்லோ விமானங்கள் இப்போது மாணவர்களையும் ஆய்வாளர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் ஊரின் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு ஆண்டு முழுதும் வந்துபோகின்றன.